நங்கூரப் பார்ட்டி

"அக்கா, றெக்க வேணுமா நங்கூரம் வேணுமான்னு உன்னாண்ட கேட்டா, எத்த எடுப்ப?"

"எதுக்குடா கேக்கற?"

"சும்மா சொல்லேன்."

"நங்கூரம். றெக்கய வெச்சுகினு இன்னா பண்றது, கொடில காயப் போடறதா?"

என் தம்பி அறிவு சிரித்தான். படுத்தபடியே சிரித்தால் அவனுக்குப் புரையேறும். வஞ்சிரத் துண்டில் மசாலா தடவிக்கொண்டிருந்த கையோடு ஓடிப்போய், முழங்கையால் அவன் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

"நீ அத்தத்தான் சொல்லுவன்னு தெரியும்க்கா" என்றான்.

இதிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி, இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள். மாத்திரை அதன் இடத்தில் வரும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. அறிவுக்குத் தெரியுமா என்று ஒன்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் கடைசியில் பதில் சொல்கிறேன்.

என் பெயர் சங்கமித்ரா. வயது முப்பத்தொன்பது. பி.காம். ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பதினாறு வருடமாக டாக்குமென்ட் பார்க்கிறேன். என் மேஜையில் ஓர் எழுத்து தவறினால் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் ஒரு வாரம் வெயிலில் நிற்கும். அதனால் எந்தத் தாளையும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் உள்ளவர்கள் அதிகம் இல்லை. என் தம்பிக்கு இல்லை. அவனோடு படகேறியவர்கள் படிப்பதை ஒரு வியாதி மாதிரி பார்ப்பார்கள்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாது என்றீர்கள். தெரியாததால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போனில் ஆடுவது. கோட்டை, மலை, நெருப்பு கக்கும் பிராணி, அவற்றுக்கு நடுவில் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்கள். அந்த ஆட்களை ஓடவைப்பவர்கள் பேத்தி எடுக்கும் வயதில் இருப்பார்கள். ஐம்பதாவது படியை எட்டியதும் இரண்டு கூட்டங்களில் ஒன்றில் சேர்வதாகச் சத்தியம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நீளமான இங்கிலீஷ் பெயர்கள். காசிமேட்டில் அது றெக்கப் பார்ட்டி, நங்கூரப் பார்ட்டி என்று ஆகிவிட்டது. றெக்கப் பார்ட்டியில் சேர்ந்தால் பரிசாக முதுகில் முளைக்கும் இரண்டு வெள்ளைச் சிறகுகள், லேசான ஒரு வில். நங்கூரப் பார்ட்டியில் சேர்ந்தால் இரும்புக் கவசமும் காலில் சங்கிலியும். எந்த அடியும் உள்ளே இறங்காது. ஆனால் அதைப் போட்டவன் ஓட முடியாது, பறக்கவே முடியாது.

விதி இதுதான். சத்தியம் ஒரு தடவைதான். வாங்கிய பரிசைத் திருப்பித் தர முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. எதிர்ப் பார்ட்டிக்காரர்களோடு அதற்குப் பிறகு சேர்ந்து ஆட முடியாது, பேசவும் முடியாது. எழுத்தும் குரலும் அடைபட்டுவிடும். இதையெல்லாம் நான் எப்படி அறிந்தேன் என்றால், படித்தேன். ஆடுகிறவர்கள் படிக்காமல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போன பதினான்கு பக்கங்களையும் படித்தேன்.

அறிவு எனக்கு எட்டு வயது இளையவன். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினொன்று. எனக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டு மாப்பிள்ளைகளும் தம்பி எங்கே தங்குவான் என்று கேட்டார்கள். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். இவ்வளவு செய்தும் அவன் பதினேழு வயதில் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு விசைப்படகு ஏறினான். இருபத்தாறில் ஸ்ராங்கு ஆனான். படகை ஓட்டுபவன், எங்கே வலை விடலாம் என்று சொல்பவன் ஸ்ராங்கு. ஸ்ராங்கு முதலாளியோடு சண்டைபோட்டு வேறு படகுக்கு மாறினால் அவன் ஆட்கள் அத்தனை பேரும் பின்னாலேயே மாறிவிடுவார்கள். யோசிக்கும் வேலையை இன்னொருவன் தலையில் வைத்துவிட்டால் வாழ்க்கை எளிது.

ஒரு தடவை கடலுக்குப் போனால் பத்து நாள். பத்து நாளும் நான் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்பது கேவலம் என்றுதான் நான் அவனை வளர்த்தேன். அவனும் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் வலை இழுக்கும் வின்ச் ரோப் அறுந்து அவன் இடுப்பில் அடித்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம். பிறகு கால் அசையாமல் வீட்டுக்கு வந்தான்.

அந்த ஐப்பசி மழையை உங்களுக்கு எப்படிச் சொல்வது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மழைக்காலம் முழுக்க அவன் வீட்டில் இருந்தான். நான் ஆபீஸ் விட்டு வரும்போது "வந்துட்டியாக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றித் துவட்டிவிட்டால் சின்ன வயதில் செய்ததுபோலவே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். மீனை முள் எடுத்து ஊட்டுவேன். வாசல் கதவைச் சாத்தினால் உலகம் முடிந்துவிடும். கல்யாணமான என் தோழிகள் சந்தோஷம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பார்க்க வந்தவர்களை நிறுத்தினேன். அடைத்து வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவது எல்லாரும் செய்வது.

முதலில் வந்தவள் பவானி. காசிமேட்டில் மீன் ஏலம் விடும் கெங்கம்மாவின் மகள். இரண்டு கிலோமீட்டருக்குக் கேட்கும் குரல். விபத்து நடக்காமல் இருந்திருந்தால் தை மாதம் அவனைக் கட்டியிருப்பாள். "உன்ன மறந்துடச் சொன்னான்" என்று வாசலிலேயே சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவில்லைதான். வாசலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய கையாலேயே என் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த இடத்தை டெட்டால் போட்டுத் துடைத்தேன். படகு ஆட்களுக்கும் அதையே சொன்னேன்: அவன் யாரையும் பார்க்க விரும்பவில்லை. அவனிடம் போய், யாரும் வரவில்லை என்றேன்.

ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த சக்கர நாற்காலியை நானே திருப்பிக் கொடுத்தேன். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் அது எதற்கு. செவ்வாய்க்கிழமைதோறும் பயிற்சி கொடுக்க வந்த மெஹ்னாஸ் என்ற பெண்ணிடம், நாங்கள் பொன்னேரிக்குக் குடிபோகிறோம் என்றேன். நல்ல பெண்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஆறு மாசத்துல காலுக்குப் பட்டை போட்டுகினு படி எறங்கிடுவாரு பாருங்க" என்று அவன் எதிரிலேயே சொல்வாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு நம்பிக்கை கொடுப்பது இலவசம்.

இவ்வளவையும் சரியாகச் செய்த நான், போனில் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதோடு சரி, வீட்டு வைஃபையில் விளையாட்டு ஓடுவதைக் கவனிக்கவில்லை. அது என் பிழை. விபத்துக்கு முந்தைய மீன்பிடித் தடைக்காலத்தில், அறுபத்தொரு நாள் வேலையில்லாமல் வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆட்கள் கூட்டமாக இந்த விளையாட்டை ஆரம்பித்திருந்தார்கள். பவானியும் சேர்ந்திருந்தாள். கரையில் இருக்கும் நாட்களில் ஆடுவார்கள். பொம்மைக் கத்தி வீசிக்கொள்வதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அதற்குள் குரலில் பேசிக்கொள்ளலாம் என்பதை மிகவும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வருடத் தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருந்தார்கள். பவானியும் படகு ஆட்கள் நான்கு பேருமாக ஐந்து பேரும் ஐம்பதாவது படிக்கு வந்துவிட்டார்கள். அறிவு எப்போதோ வந்துவிட்டான். இவர்களுக்காகச் சத்தியம் செய்யாமல் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஹபீபுல்லா தொழுகை முடித்து வந்ததும் ஆறு பேரும் ஒன்றாக றெக்கப் பார்ட்டியில் சேர்வது என்று பேசி வைத்திருந்தார்கள். ஹபீபுல்லா அந்தப் படகில் இன்ஜின் பார்ப்பவர், ஐம்பது வயது. பேத்தி இருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே பவானியின் குரல். வீட்டுக்குள் அவள் குரல் கேட்டதும் முதலில் அவளே வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். போன்தான்.

"மெய்யாலுமா? எந்தக் காலு?"

"வலது. கட்ட வெரலு. ரெண்டு நாளா ஆடுது பவானி. நான் சொன்னா கேக்குது."

"உங்க அக்காவாண்ட சொன்னியா?"

"சொல்லல."

நான் சத்தமில்லாமல் செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். பால் வாங்கிக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வந்தேன். "வந்துட்டியாக்கா" என்றான். அதே குரல்.

போனைப் பிடுங்கியிருக்கலாமே என்பீர்கள். பிடுங்குவது முரடர்களின் வேலை. பிடுங்கினால் அவன் ஏன் என்று கேட்பான், அல்லது கேட்காமல் என்னைப் பார்ப்பான். விளையாட்டின் விதியே ஒரு கதவைச் செய்து வைத்திருக்கும்போது நான் எதற்குச் சுவர் எழுப்ப வேண்டும். புதன்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டேன். அவன் மாத்திரை அசதியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரலைப் போனில் வைத்துத் திறந்தேன். சூடான விரல். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது என் சுண்டு விரலைப் பிடித்துக்கொள்ளும் விரல்.

நங்கூரத்தை அழுத்தினேன். நிச்சயமா என்று மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் முழுதாகப் படித்துவிட்டு ஆம் என்றேன். திரையில் அவனுடைய வீரன் மண்டியிட்டான். கவசம் ஒவ்வொரு துண்டாக வந்து பூட்டிக்கொண்டது. கடைசியில் காலில் சங்கிலி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் எழுந்து பார்த்தான். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் கீது" என்றான். போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்தான். அப்புறம் எடுக்கவே இல்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன்.

போன வருடம் பிப்ரவரியில், மெஹ்னாஸ் வந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காலை நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அறிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். முதுகு எனக்குத் தெரிந்தது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் நடுங்கியது, ஆனால் நின்றான். அறுபது வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணாமல் வெளியே போய், வாளியைச் சத்தம் வரும்படி தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். படுத்துவிட்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வைத்திருந்தானோ என்னவோ.

அந்த வாரம்தான் மெஹ்னாஸை நிறுத்தினேன். தசை இறுக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்று இருந்தது. இறுக்கம் குறையும், அதிகமானால் கால் துவண்டுவிடும், ஜாக்கிரதை என்று அவரே சொல்லியிருந்தார். நான் தாளைக் கடைசி வரி வரை படிப்பவள் என்று சொன்னேனே. ஒன்று என்று எழுதியிருந்த இடத்தில் மூன்றாக்கினேன். பொடித்துக் காலைக் கஞ்சியில் கலந்தேன். கசப்பு தெரியாமல் இருக்க மோரும் உப்பும் கூடப் போட்டேன். ஒன்றரை வருடம். அந்தத் திங்கட்கிழமைக்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் தவறிப்போனது. அந்த இரண்டு நாளில்தான் விரல் ஆடியிருக்கிறது.

நின்றால் நடப்பான். நடந்தால் படி இறங்குவான். இறங்கினால் மறுபடி அந்தக் கலீஜான படகு, அந்த ரோப். அடுத்த தடவை இடுப்போடு நிற்காது. நான் அவனை உயிரோடு வைத்திருந்தேன். இதைக் குற்றம் என்று எழுதிக்கொள்ளலாம். உங்களிடம் அதற்கு வேறு சொல் இருக்காது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம் அக்கா என்று அவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். தெரியாதவன் எப்படிச் சொல்வான் என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். படியில் பல கால்களின் சத்தம். கதவைத் திறந்தால் ஹபீபுல்லா, அவருக்குப் பின்னால் மூன்று ஆட்கள், எல்லாருக்கும் பின்னால் பவானி. ஒரு வருடமாக என் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கத் துடிக்கும் எதிர்வீட்டுப் பட்டம்மாளும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஸ்ராங்கு கீறாரா?" என்றார் ஹபீபுல்லா.

"தூங்கறான்."

"முழிக்கட்டும்மா. நாங்க குந்திகினு கீறோம்."

ஐந்து பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்ராங்கு படகு மாறினால் ஆட்கள் முதலில் மாறிவிடுவார்கள். பிறகு அவன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, என்ன காரணம் என்று அவன் வாயாலேயே கேட்பார்கள். கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். காசிமேட்டில் அதுதான் முறை. இதே படியில் மூன்று தடவை இவர்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். விளையாட்டின் பதினான்கு பக்கத்தையும் படித்த நான் இதை மறந்திருந்தேன்.

"யாருக்கா?" என்றான் அறிவு உள்ளேயிருந்து.

"யாரும் இல்லடா."

"யாரும் இல்லியா?" பவானி எழுந்துவிட்டாள். "அஞ்சு உருப்படி படிய அடச்சிகினு குந்திகினு கீறோம், யாரும் இல்லியாம்! நகருக்கா, பேஜாரு பண்ணாத."

அவள் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னால் போனார்கள். கட்டிலருகில் போனதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவன் கால் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஹபீபுல்லா போனை நீட்டினார்.

"இத்தப் பாரு நைனா. புதன்கெழம நீ நங்கூரம் எடுத்துட்ட. நாங்க இன்னா பண்றது? வெள்ளிக்கெழம அல்லாரும் எடுத்துட்டோம். உள்ள வந்து கூப்ட்டா உன் பேச்சக் காணோம். இந்தச் சனியன மாட்டிகினு நடக்கவே முடில, எரும மாடாட்டம் கீது. இன்னா கணக்குல எடுத்தன்னு சொல்லிட்டீன்னா போய்கினே இருப்போம்."

திரையில் ஐந்து இரும்புக் கவசங்கள் வரிசையாக நின்றன. இரண்டு வருடம் ஆடிச் சேர்த்த சிறகை, என்ன ஏது என்று தெரியாமல், அவன் போனான் என்பதற்காக விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மந்தை என்று இப்போதும் சொல்வேன். அறிவு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் எடுக்கல மாமு" என்றான்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லாருமே கஷ்டப்பட்டார்கள். பவானி போர்வையை விலக்கி, அவன் வலது பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கீழ போலாமா?" என்றாள்.

அவன் தலையாட்டினான். எங்கள் வீட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேரும் தூக்கினார்கள். வலையை இழுக்கும்போது சொல்வதுபோல ஏதோ சொல்லிக்கொண்டு தூக்கினார்கள். நான் டம்ளரோடு வாசலில் நின்றேன். நான் தடுக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ரத்தம் எடுத்தார்கள், உங்களிடம் வந்தார்கள். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அங்கே அவனுக்குக் கஞ்சி கொடுக்கிறார்களா என்று நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. இனி நீங்கள் கேட்ட கேள்வி.

வாசலைத் தாண்டும்போது அவன் நாற்காலியை நிறுத்தச் சொன்னான். "அக்காவாண்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். முப்பத்தொரு வருடத்தில் அவன் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். கூட வரச் சொல்லப்போகிறான் என்று நினைத்து, புடவைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

அவன் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். கோபமில்லை. சின்ன வயதில் மார்க் குறைந்த நாட்களில் என்னைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"ஒன்ற வருசமா கேக்கணும்னு கீறேன், எப்டிக் கேக்கறதுன்னு தெரில. சாய்ங்காலம் வந்துடுவேன்க்கா, கஞ்சி வெச்சு வை. அந்த மாத்திர மட்டும் போடாத."